ஏரியில் இழுவைத் தூண்டில்: பழகுபவருக்கு எந்தக் கயாக் பொருந்தும்?

கோலாலம்பூரிலோ அதன் சுற்றுவட்டாரத்திலோ குடியிருந்துகொண்டு, ஏரி மீனுக்குக் கயாக்கில் டிரோலிங் பழக வேண்டும் என்று விரும்புபவர் முதலில் கேட்பது எந்தக் கயாக்கை வாங்கலாம் என்பதைத்தான். துடுப்புக் கயாக், பெடல் கயாக், காற்றடைக்கும் கயாக், மின்மோட்டார் பொருத்திய கயாக் என நான்கு வழிகள் இருக்கின்றன. எதையும் வாங்காமல் படகுவீட்டுப் பயணத்தோடு சேர்த்துப் பழகிக்கொள்ளும் ஐந்தாவது வழியும் உண்டு. விலையையும் வேகத்தையும் வைத்தே பலர் முடிவெடுக்கிறார்கள். மீன் இரையை அடிக்கும் நொடியில் உங்கள் கைகள் இரண்டும் எங்கே இருக்கும், ஏரியிலிருந்து திரும்பிய பிறகு கயாக் எங்கே இருக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்து முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து. முதல் கேள்வி மீன்பிடிப்பைப் பற்றியது. இரண்டாவது, அடுக்குமாடி வீட்டில் வாழும் நம்மில் பலருடைய நிலையைப் பற்றியது.

டிரோலிங், அதாவது இழுவை, என்பது நகரும் கலத்தின் பின்னால் லூர் எனப்படும் செயற்கை இரையை இழுத்துச் செல்வது. வீசிச் சுருட்டும் முறையில் லூருக்கு உயிர் கொடுப்பது ரீலைச் சுற்றும் கை. இழுவையில் அந்த வேலையைக் கயாக்கின் ஓட்டமே செய்கிறது. முன்னால் பிளாஸ்டிக் நாக்குப் பொருத்திய, 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள லூரை 20 முதல் 30 மீட்டர் பின்னால் விட்டு, மணிக்கு 3 முதல் 5 கி.மீ. வேகத்தில் சென்றால் நம் ஏரிகளின் மீன்களுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். லூர் எவ்வளவு ஆழத்தில் நீந்தும் என்பதை அதன் நாக்கின் அளவும், விட்டிருக்கும் நூலின் நீளமும், நூலின் தடிமனும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தடித்த நூல் தண்ணீரில் அதிகம் இழுபட்டு லூரை மேலே தூக்கிவிடும் என்பதால்தான் மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நூலை எல்லோரும் விரும்புகிறார்கள். வேகத்தைக் கூட்டினால் லூர் இன்னும் ஆழமாகப் போகும் என்று பழகுபவர்கள் நினைப்பதுண்டு. நாக்கும் நூலும் செய்கிற அளவுக்கு வேகம் செய்வதில்லை. அளவுக்கு மீறிய வேகத்தில் லூர் நிலைகுலைந்து புரண்டு மேலே வந்துவிடும்.

மீன்களைப் பொறுத்தவரை, இழுவை பழகுபவருக்கு மிகவும் ஏற்றது செபாராவ். சிறு மீன்களைத் துரத்தி வேட்டையாடும் இனம். ஓடைகள் ஏரியில் கலக்கும் முகப்புகளிலும் பாறைச் சரிவுகளிலும் இருக்கும். கடந்து செல்லும் லூரை யோசிக்காமல் அடிக்கும். தோமான் நம் ஊர் விராலின் பெரிய உறவு. அதைப் போலவே மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் மீன் என்பதால், அது எழும்பும் இடம் கண்ணுக்குத் தெரியும். நன்றாக வளர்ந்தது பத்துக் கிலோவைத் தாண்டும், பற்களும் கூர்மை. முதல் ஆண்டிலேயே இதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்றாலும், தேடாதவரையும் அது தேடி வரும். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பீகாக் பாஸ், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகிக் கிடக்கிறது. அது இழுவைக்கும் மயங்கும் என்றாலும் வீசிப் பிடிப்பதில்தான் அதிகம் கிடைக்கிறது.

இனிக் கயாக்குகளுக்கு வரலாம். மேலே உட்கார்ந்து ஓட்டும் துடுப்புக் கயாக்கின் உடல் ஒரே வார்ப்பான பாலிஎத்திலின். 3 முதல் 3.6 மீட்டர் நீளமும் 20 முதல் 30 கிலோ எடையும் உள்ளது பழகுபவருக்குப் போதும். எளிதில் மூழ்காது, உள்ளே விழும் தண்ணீர் அடித்துளைகள் வழியே தானே வடிந்துவிடும், பழுதாகக்கூடிய உறுப்பு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. இதன் குறையாக எல்லோரும் சொல்வது, இரு கைகளும் துடுப்பிலேயே இருக்கும் என்பது. அது உண்மைதான், ஆனால் பழகுபவருக்கு அதே குறை ஆசிரியராகவும் இருக்கிறது.

எப்படி என்று விளக்க வேண்டும். கை துடுப்பில் இருப்பதால் தூண்டில் கம்பு தாங்கியில் இருக்கும். தாங்கியை முதுகுக்குப் பின்னால் பொருத்தாமல், முழங்காலுக்குச் சற்று முன்னே, நுனி பக்கவாட்டில் நீட்டியிருக்கும்படி பொருத்தினால், துடுப்பில் நூல் சிக்காது. கம்பின் நுனியும் எப்போதும் கண்முன் இருக்கும். லூர் சரியாக நீந்தும்போது அந்த நுனி சீராக, சிறு சிறு துடிப்பாக அதிர்ந்துகொண்டே இருக்கும். கொக்கியில் ஓர் இலை மாட்டினாலே போதும், துடிப்பு நின்று நுனி மந்தமாக வளைந்து நிற்கும். லூர் அடியைத் தொட்டால் துடிப்பு விட்டுவிட்டுத் தட்டுவதாக மாறும். தண்ணீருக்கு அடியில் முப்பது மீட்டர் பின்னால் நடப்பதை இப்படி நுனியைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இழுவையின் பாதிப் படிப்பு. துடுப்புக்காரர் வேறு வழியில்லாமல் இதை முதல் நாளிலேயே கற்றுக்கொள்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் கயாக் சற்றே முன்னே பாய்ந்து, பிறகு தளரும். அந்தத் தளர்ச்சியில் லூரும் ஒரு கணம் தயங்கும். மிதக்கும் லூர் என்றால் மேலே எழும்பத் தொடங்கும். துரத்தி வரும் செபாராவ் அந்தத் தயக்கத்தில்தான் பெரும்பாலும் அடிக்கிறது. அடித்தவுடன் பதறிக் கம்பை எடுக்கப் பாய்வது புதியவரின் இயல்பு. அப்போது கயாக் நின்று நூல் தளர்ந்து மீன் கழன்றுவிடும். இரண்டு மூன்று வீச்சுகளைப் பலமாகப் போட்டு, கொக்கி ஆழமாகப் பதிந்து நூல் இறுகிய பிறகு, கயிற்றால் பிணைத்த துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டுக் கம்பை எடுக்க வேண்டும். பிரெய்ட் நூலுக்கு நீட்சி இல்லாததால், மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கை, வீசிப் பிடிக்கும்போது வைப்பதைவிடச் சற்றுத் தளர்த்தி வைப்பது அவசியம். இல்லையென்றால் முதல் அடியிலேயே கொக்கி மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், அல்லது தாங்கியே கயாக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

பெடல் கயாக் இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தீர்த்துவிடுகிறது. ஹோபி நிறுவனம் 1997இல் துடுப்புச் சிறகு போன்ற இரண்டு தகடுகளைக் காலால் அசைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்கள் மிதிவண்டி போல் மிதித்து விசிறியைச் சுழற்றும் அமைப்பைக் கொண்டுவந்தன. விசிறி வகையில் பின்னோக்கி மிதித்தால் கயாக் பின்னால் போகும். பழைய சிறகு வகைகள் பின்னால் போவதில்லை என்பதை, பழையதை வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கால் மிதிக்க, ஒரு கை சுக்கானைப் பிடிக்க, மறு கையில் கம்பையே பிடித்துக்கொள்ளலாம். அடியை உள்ளங்கையில் உணரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் மாட்டிய பிறகும் மிதித்துக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் பெடலின் உண்மையான பலம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கென்யிரையோ தெமெங்கோரையோ பார்த்தவர்களுக்குத் தெரியும். அணை கட்டிக் காட்டை மூழ்கடித்து உண்டான ஏரிகள் அவை. பட்ட மரங்கள் நின்ற நிலையிலேயே தண்ணீருக்குள் இருக்கின்றன, சில மேலே தலைநீட்டியும் பல தலைநீட்டாமலும். மாட்டிய தோமான் நேராக அந்த மரங்களை நோக்கியே ஓடும். கயாக் இலேசானது என்பதால் பெரிய மீன் கலத்தையே இழுத்துக்கொண்டு போகும். பெடல்காரர் எதிர்த்திசையில் மிதித்து மீனைத் திறந்த நீருக்குக் கொண்டுவந்துவிடலாம். துடுப்புக்காரர் ஒரு கையில் கம்பையும் மறு கையில் துடுப்பையும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். வளர்ந்த தோமானையே குறியாக வைத்து, அணை ஏரிகளுக்கு அடிக்கடி போகப் போகிறவர் என்றால், பெடலுக்கு ஆகும் செலவு வீண் அல்ல.

ஆனால் அந்தச் செலவு சிறியதும் அல்ல. சாதாரணத் துடுப்புக் கயாக்கைப் போல் பல மடங்கு விலை. முழுதும் பொருத்தினால் 40 கிலோவையும் தாண்டும் எடை. மைவி போன்ற சிறிய காரின் கூரையில் தனியாளாக ஏற்றுவது முதுகுக்கு நல்லதல்ல. காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள், அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. விசிறியோ சிறகோ கயாக்கின் அடியிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருப்பதால் பாசி மண்டிய ஆழமற்ற இடத்திலும் கட்டைகளுக்கு இடையிலும் அது இடிபடும். மேலும், பெடலின் ஒரே சீரான ஓட்டம் லூரையும் ஒரே சீராக இழுக்கிறது. அதை உடைக்கத் தெரிந்தவர் வளைந்து வளைந்து செல்வார். வளைவின் வெளிப்பக்கம் இருக்கும் லூர் வேகமெடுக்கும், உட்பக்கம் இருப்பது தளர்ந்து எழும்பும், எந்தப் பக்கத்தில் அடி விழுகிறது என்பதிலிருந்து அன்றைக்கு மீன் விரும்பும் வேகமும் தெரிந்துவிடும். தெரியாதவர் மணிக்கணக்காக நேர்கோட்டில் மிதித்துவிட்டு ஏரியில் மீனே இல்லை என்பார்.

காற்றடைக்கும் கயாக்கை மீன்பிடிகாரர்கள் பொதுவாக இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. செராஸிலோ செத்தாப்பாக்கிலோ பதினைந்தாவது மாடியில் இருப்பவர் மூன்று மீட்டர் பிளாஸ்டிக் கயாக்கை மின்தூக்கிக்குள் நுழைக்க முடியாது. கார் நிறுத்துமிடத்தில் வைத்தால் நிர்வாகக் குழுவிலிருந்து கடிதம் வரும். பையில் மடித்து, அலமாரிக்கு மேல் வைத்துவிடக்கூடிய கயாக் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கயாக்காக இருக்கலாம். ஆயினும், உயர் அழுத்தம் தாங்கும் தட்டையான கெட்டித் தளமும், நேராக ஓட உதவ அடியில் கழற்றி மாட்டும் துடுப்புத்தகடும் இல்லாத மலிவான வகைகள் இழுவைக்கு உதவா. ஒவ்வொரு வீச்சுக்கும் முகப்பு இடமும் வலமும் ஆடும். உயரமாக மிதப்பதால் காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். வெயிலில் கரையில் விட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து தையல் பிரியக்கூடும் என்பதால் சற்றே காற்றை இறக்கிவிட வேண்டும். முக்கொக்கிகளுக்குப் பதிலாக முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கிகளை மாட்டிக்கொள்வது எந்தக் கயாக்கிலும் நல்ல பழக்கம், இதில் கட்டாயம்.

மின்மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 12 வோல்ட் சிறிய மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும்; மெதுவாக ஓட்டினால் அதில் சிறு பகுதியே போதும் என்பதால் இழுவைக்கு அது பொருந்தவே செய்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றே ஏறக்குறைய கயாக்கின் எடை இருக்கும். லித்தியம் பாதிக்கும் குறைவு, விலை அதற்கேற்ப அதிகம். உடல் உழைப்பு இல்லாமல் வெகுதூரம் போய்விட முடிகிறது என்பதே பழகுபவருக்கு இதிலுள்ள ஆபத்து. போன தூரத்தைத் துடுப்பால் திரும்பி வர முடியுமா என்று யாரும் முன்கூட்டியே கணக்குப் போடுவதில்லை. எஞ்சின் பொருத்திய கலம் என்றால் அனுமதி விதிகளும் இடத்துக்கு இடம் வேறாக இருக்கும். முதல் கயாக்காக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாங்கலாமா வேண்டாமா என்றே தயங்குபவருக்கு ஐந்தாவது வழி நல்லது. கென்யிரிலும் தெமெங்கோரிலும் பத்துப் பதினைந்து பேர் செலவைப் பகிர்ந்து படகுவீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தங்குவது நம் நண்பர்களிடையே வழக்கம்தான். கயாக்குகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு போய், ஒதுக்கமான குடாவில் இறக்கிவிடலாம். ஒரு காலைப்பொழுது படகோட்டியோடு சிறிய படகில் இழுவைக்குப் போய், அவர் எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார், எந்த முனையைச் சுற்றிப் போகிறார் என்று கவனித்தாலே, கயாக்கில் தனியாகப் பழகினால் வெகுநாள் ஆகக்கூடிய பாடம் கிடைத்துவிடும். மரங்கள் மூழ்கியிருக்கும் இடங்கள் அவர்களுக்குத்தான் தெரியும்.

இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கயாக்கின் தேர்வை ஏரியும் தீர்மானிக்கிறது. தித்திவங்சா ஏரியிலும் புத்ராஜெயாவிலும் துடுப்புப் போடப் பழகிக்கொள்ளலாம். அவற்றை இழுவைக்கான ஏரிகளாக நினைக்க வேண்டாம். சிலாங்கூரின் அணைகள் பெரும்பாலும் குடிநீருக்கானவை. அனுமதியின்றிக் கலத்தை இறக்கக் கூடாது. பினாங்கு வாசகர்களுக்கும் இதே நிலைதான்: ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் மூன்றும் குடிநீர் அணைகள். எனவே இரு நகரத்தாரும் பேராக்கை நோக்கித்தான் காரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பேராக் ஆற்றில் மேலிருந்து கீழாகத் தெமெங்கோர், பெர்சியா, கெனேரிங், செண்டரோ என நான்கு அணைகள் வரிசையாக இருக்கின்றன. கடைசியான செண்டரோ 1930ஆம் ஆண்டிலேயே வந்தது. லெங்கோங் பக்கத்து ராபான் ஏரி அதன் நீர்த்தேக்கத்தைச் சேர்ந்தது. ஆழம் குறைவு, பாசி அதிகம், கரை எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். துடுப்புக் கயாக்கில் ஆழமாகப் போகாத லூரை இழுத்துப் பழக இதைவிட நல்ல இடம் தெரியாது. மின்னுற்பத்திக்குத் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து நீர்மட்டம் ஏறி இறங்கும் என்பதால், கரையில் விட்ட பொருள்களை மேட்டில் வைப்பது நல்லது.

தெமெங்கோர் அதற்கடுத்த வகுப்பு. கெரிக்கைத் தாண்டி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏரியைக் கடக்கும் பண்டிங் தீவுதான் நுழைவாயில். விடியலுக்குள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று இரவில் அந்தச் சாலையில் விரட்டுபவர்கள், யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி அது என்பதை மறந்துவிடக் கூடாது. கென்யிர், 1985இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி. 340க்கும் மேற்பட்ட தீவுகளோடு தீபகற்பத்தின் மிகப் பெரிய செயற்கை ஏரி அதுதான். அங்கே திறந்த நீரில் காற்று எழுந்தால் அலையும் எழும். காற்றடைக்கும் கயாக்கோடு தீவுகளுக்கு மறைவிலேயே இருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கிழக்குக் கரையை விட்டுவிட்டுப் பேராக் பக்கம் போவதே வழக்கம்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, கிள்ளான், ரவாங், காஜாங் போன்ற இடங்களில் தரை வீட்டில் இருப்பவருக்கு, பழையதாகக் கிடைக்கும் 3.3 மீட்டர் அளவுத் துடுப்புக் கயாக்கையும், ராபான் போன்ற சிறிய நீரையும், ஒரே ஒரு கம்பையும் நான் பரிந்துரைப்பேன். இரண்டு கம்பை இழுப்பது அழகாகத் தெரியும். பழகுபவர் திரும்பும்போது இரண்டு நூலும் பின்னிக்கொண்டு, மீன் ஓடும் நேரம் முடிச்சவிழ்ப்பதிலேயே போய்விடும். தோள்மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் கடன் வாங்காமல் முடியுமென்றால் நேராகப் பெடலுக்குப் போய்விடலாம். அடுக்குமாடிக்காரர், கெட்டித் தளமுள்ள காற்றடைக்கும் கயாக்கை எடுக்கலாம், அல்லது தரை வீட்டு நண்பரோடு பாதிப் பாதி போட்டு அவர் வீட்டு வாசலில் வைக்கலாம். இரண்டாவது ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கயாக்கானாலும் மாறாத சில உண்டு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். நம் நாட்டில் பிற்பகல் இடிமழை அன்றாட விஷயம், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், திறந்த நீரில் அதை உயர்த்திப் பிடித்திருப்பவர்தான் சுற்றுவட்டாரத்தின் உயரமான புள்ளி. நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும். சிவப்பான தோமான் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்து நகர்ந்தால், அடியில் தாயும் தந்தையும் காவலுக்கு இருக்கும். அதன் மேல் லூரை இழுத்தால் கட்டாயம் அடிக்கும், ஆனால் பெற்ற மீன் போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். விலகிச் செல்வதே முறை. ஆற்று மீன்பிடிப்பு மலேசிய அரசியலமைப்பின்படி மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளதால், உரிமமும் தடைசெய்த பகுதிகளும் பேராக்கில் ஒருவிதமாகவும் திரெங்கானுவில் வேறுவிதமாகவும் இருக்கும்; வடக்கே ரோயல் பெலும் பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும். படகுத்துறையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பழைய கயாக்கை வாங்கப் போகும்போது நிறத்தையும் கீறல்களையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கயாக்கைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் வடியும் அடித்துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை போன்ற வெடிப்பு முதலில் வருவது அங்கேதான், அடுத்தபடியாக, தரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்த பின்முனையில். பாலிஎத்திலினில் பசை ஒட்டாது, உருக்கிப் பற்றவைத்தால்தான் உண்டு. சந்தேகம் இருந்தால் விற்பவரிடம் கேட்டு, உட்குழிவுக்குள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, மூடியை அடைத்து, இரண்டு முக்காலிகளின் மேல் கால் மணி நேரம் வைத்துவிட்டு, அடியில் எங்கேனும் ஈரம் கசிகிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசலாம்.